கேட்காமல் போட்ட கரி

பட்டாபிராம்
9.6.2024

அக்காவுக்கு,

பிரேம்குமார் எழுதுகிறேன். உறைமேல் என் கையெழுத்தைப் பார்த்தாலே அடுப்பில் போட்டுவிடுவாய் என்று உன் வீட்டுக்காரர் தங்கவேல் பாவாவே சொன்னார். அதனால் அவர் பெயருக்கே அனுப்பியிருக்கிறேன். அவரைத் திட்டாதே. இந்த யோசனை என்னுடையது.

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. நேரில் வரவும் தைரியமில்லை. சித்திரையில் அம்மன் படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றி, அதைக் கையாலேயே அடித்து அணைத்து, "இனிமே இவங்கூட வாயத் தொறந்து பேசினா நான் மனுஷியே இல்ல" என்று சொன்னாயே, அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. சாட்சிக்குப் பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி வேறு வாசலில் நின்றாள். ரயிலேறினால் பொழுது சாய்வதற்குள் உன் வீட்டில் இருப்பேன். ஆனால் வந்து ஊமை நாடகம் ஆடவா?

செங்கல் சூளை சின்னசாமி வந்து கீழ்க் கழனியைப் பார்த்துவிட்டுப் போனதாகப் பாவா சொன்னார். மேல்மண்ணை முழங்கால் ஆழத்துக்கு வெட்டி எடுத்துக்கொள்ளட்டும் என்று நீ ஒப்புக்கொண்டாயாமே. அதைக் கேட்டதிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. மேல்மண் போனால் கழனியே போயிற்று அக்கா. அடியில் இருப்பது வெறும் சுக்காங்கல். அதில் வேலிகாத்தான் முள்மரம்கூட யோசித்துத்தான் முளைக்கும்.

அந்தக் கழனியில் நான் போட்டது வெறும் கரி இல்லை. பயோசார். உயிர்க்கரி என்று தமிழில் சொல்கிறார்கள். ஏரிக்கரை வேலிகாத்தானை வெட்டி, குழியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு எரித்து, சாம்பலாகிவிடாமல் தண்ணீர் ஊற்றி அணைத்துச் செய்தது. மண்ணில் ஈரம் நிற்கும், மண் லேசாகும், உரம் வீணாகாது என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். உன் மகள் மோனிகாவின் இரண்டாவது பிரசவத்துக்காக நீ திருப்பதியில் இருந்த நாட்களில், வாராவாரம் வந்து முதுகு ஒடிய வேலை செய்தேன். திரும்பி வந்து பார்த்து நீ சந்தோஷப்படுவாய் என்றுதான் செய்தேன்.

ஒரே ஒரு போகம் பொறுத்துப் பார். சின்னசாமியிடம் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்.

தம்பி
பிரேம்குமார்

*

கே.ஜி.கண்டிகை
17.6.2024

பிரேமுக்கு,

வாயைத் திறந்து பேசமாட்டேன் என்றுதான் சத்தியம் செய்தேன். எழுதுவதைப் பற்றி அம்மனிடம் ஒன்றும் சொல்லவில்லை. சந்தேகத்துக்குச் சாட்சிக்காரி பாஞ்சாலியையும் கேட்டேன். "எழுதறதெல்லாம் கணக்குல வராது, நல்லா நாலு வார்த்த கேட்டு எழுது" என்றாள். ஆகவே கேட்கிறேன்.

திருப்பதியிலிருந்து வந்து உன் பாவாவின் ஆட்டோவிலிருந்து இறங்குகிறேன். வீட்டுக்குக்கூடப் போகவில்லை. பேத்தி பிறந்த சந்தோஷத்தோடு கழனியைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நடந்தால், வரப்புக்கு வரப்பு கறுப்பு. யாரையோ கொண்டுவந்து நம் கழனியில் எரித்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். பாவா மெதுவாக, "உன் தம்பி வேல" என்றார். அவருக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். எனக்குத்தான் தெரியாது.

சரி, படித்தவன், ஏதோ செய்திருக்கிறான் என்று வாயை மூடிக்கொண்டு மாசியில் கத்தரி நட்டேன். திருத்தணி மார்க்கெட்டில் என் கத்தரிக்காய்க்கென்று காத்திருக்கிற ஆட்கள் உண்டு. உனக்கே தெரியும். நட்டது நட்டபடி நின்றது. இலையெல்லாம் எலுமிச்சம்பழ நிறம். யூரியா போட்டேன், அது போன இடம் தெரியவில்லை. கடலைப் பிண்ணாக்கு கரைத்து ஊற்றினேன், அதுவும் போயிற்று. பூ வந்த செடியும் பிஞ்சு பிடிக்காமல் பூவை உதிர்த்தது. கூடை நிறைய எடுத்துக்கொண்டு போகிற நான், கைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். மார்க்கெட்டில் ஒருத்தி, "இன்னாக்கா, வீட்டு சமையலுக்கு வாங்கிகினு போறியா?" என்று கேட்டாள். விற்க வந்தவளைப் பார்த்து.

ஊரில் இப்போது அதற்குப் பெயர் கரிக் கழனி. போட்டதைத் திரும்ப எடுக்க முடியுமா? சலித்து எடுக்கலாமா, பொறுக்கி எடுக்கலாமா? நூறு வருஷம் ஆனாலும் மக்காதாம், நீயே பெருமையாகச் சொன்னாய். அப்படியென்றால் மண்ணோடு சேர்த்து எடுப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. சின்னசாமிக்கோ ஒரே குஷி. கரி கலந்த மண் என்றால் செங்கல் உள்ளேயும் சேர்ந்து வேகுமாம், விறகு மிச்சமாம். உன் கரியால் பிழைக்கப் போகிறவன் அவன் ஒருவன்தான்.

தை பிறந்து சூளை ஆரம்பிக்கும்போது மண் எடுக்கிறேன் என்கிறான். பட்டா உன் பெயரில் இருப்பதால் உன் சம்மதக் கடிதம் வேண்டுமாம். எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

அனுசுயா

*

பட்டாபிராம்
30.6.2024

அக்காவுக்கு,

கையெழுத்துப் போடமாட்டேன்.

அப்பா சம்பாதித்த நிலம் அது. பட்டா என் பெயரில் இருக்கிறது. ஒரு போகம் போனதற்காக மண்ணையே தூக்கிச் சூளையில் போட எனக்கு இஷ்டமில்லை. நீ பயிர் வைக்கிறாய் என்பதற்காக நீயே எல்லாவற்றையும் முடிவு செய்ய முடியாது. சின்னசாமி கேட்டால் நிலத்துக்காரன் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிடு.

பிரேம்குமார்

*

கே.ஜி.கண்டிகை
8.7.2024

நிலத்துக்காரருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் சொன்னபடியே சின்னசாமியிடம் சொல்லிவிட்டேன். அவர் தை வரைக்கும் காத்திருக்கிறாராம்.

உங்கள் கழனியில் ஆடிக்கு நான் விதைப்பதாக இல்லை. மோட்டார் கொட்டகைச் சாவி பாவாவிடம் இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்கள் கழனியில் இத்தனை நாள் வேலை செய்த
அனுசுயா

*

பட்டாபிராம்
4.8.2024

அக்கா,

நீங்கள் என்று நீ எழுதியதைப் படித்த நாளில் சோறு இறங்கவில்லை. அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சின்ன வயதில் அடித்தவள்தானே.

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி வந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. கூட்டத்தில் நீ எங்கே பார்க்கப் போகிறாய் என்று நினைத்தேன். சரவணப் பொய்கைப் பக்கம் பூக்காவடிகளுக்கு நடுவில் நீயும் பாஞ்சாலியும் நின்றீர்கள். நீ என்னைப் பார்த்தாய். நான் கையைத் தூக்குவதற்குள் முகத்தை மலைப் பக்கம் திருப்பிக்கொண்டாய். மலையில் முருகனைத்தான் பார்க்கிறாய் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். பாஞ்சாலி மட்டும் பாவப்பட்டு, "சாப்டியாப்பா?" என்று கத்திக் கேட்டாள். ஆங் என்று தலையாட்டினேன். சாப்பிடவில்லை.

பட்டா என் பெயரில் இருக்கிறது என்று எழுதியது பெரிய தப்பு. கோபத்தில் எழுதினேன் என்று சொன்னால், கோபத்தில்தான் உள்ளே இருப்பது வெளியே வரும் என்பாய். அதுவும் உண்மைதான். நிலத்துக்காரன் என்று என்னை நானே எழுதிக்கொண்டேன். எனக்கு ஏர் பூட்டத் தெரியாது. எந்த மடையைத் திறந்தால் எந்தப் பாத்திக்குத் தண்ணீர் போகும் என்றுகூடத் தெரியாது.

மண்ணைக் கொடுக்காதே என்று இன்னமும் கேட்டுக்கொள்கிறேன். கேட்கத்தான் செய்கிறேன். கழனியைத் தரிசாகப் போட்டுவிடாதே.

பிரேம்

*

கே.ஜி.கண்டிகை
6.10.2024

நிலத்துக்காரருக்கு,

உங்கள் கழனியில் ஆடி கடைசியில் கேழ்வரகு நட்டுவிட்டேன். நீங்கள் கேட்டுக்கொண்டதற்காக இல்லை. சும்மா கிடந்தால் பார்த்தீனியம் வந்து மேல் கழனிக்கும் ஏறிவிடும். அதற்காக.

இன்னொரு விஷயமும் தங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். எங்கள் மகளிர் குழுவில் கவிதா என்று ஒரு பெண் இருக்கிறாள். வேளாண்மை ஆபீசில் வேலை. போன மாதம் எங்களை வேன் வைத்துத் திருவள்ளூர் பக்கம் ஒரு பயிற்சிக்கு அழைத்துப் போனாள். போய் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, கரிப் பயிற்சி. தாங்கள் போய் வந்த அதே இடம், சொல்லிக்கொடுக்கிறவரும் அதே ஆள். எழுந்து வந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். வேன் சாயங்காலம்தான் திரும்பும் என்றார்கள்.

காலையில் முழுக்கத் தாங்கள் சொன்னதைத்தான் அவரும் சொன்னார். குழி வெட்டு, எரி, அணை. ஈரம் நிற்கும், மண் லேசாகும். மதியம் நல்ல சாப்பாடு, வடை பாயாசத்தோடு. சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தோம். அப்போதுதான் அந்த மனிதர் வாயைத் திறந்து முக்கியமானதைச் சொல்கிறார். கரியைச் செய்தவுடன் அப்படியே மண்ணில் கொட்டவே கூடாதாம். அது புதுசில் கொலைப்பட்டினியாக இருக்குமாம். மண்ணில் இருக்கிற சத்தையும், நாம் போடுகிற உரத்தையும் முதலில் தான் இழுத்து வைத்துக்கொள்ளுமாம். சாணிக் கரைசலிலும் கோமியத்திலும் நன்றாக ஊறவைத்து, வயிறு நிறைய வைத்துவிட்டுத்தான் கழனிக்குக் கொண்டுபோக வேண்டுமாம். இல்லாவிட்டால் முதல் போகம் பயிர் மஞ்சளடித்துக் குட்டையாக நிற்கும் என்றார். என் கத்தரியைப் பார்த்துவிட்டு வந்து சொல்கிற மாதிரியே இருந்தது.

நான் கையைத் தூக்கிக் கேட்டேன். "ஐயா, இத்த காலையிலயே சொன்னா இன்னா?" என்றேன். "காலைல செய்யறது, மத்தியானம் போடறதும்மா. சில பேரு சாப்ட்டுட்டு ட்ரெய்னப் புடிக்கப் போயிடறாங்க, நான் இன்னா பண்றது" என்றார்.

டேய் பிரேம், நீ சாப்பிட்டுவிட்டு ரயிலைப் பிடித்துவிட்டாய், இல்லையா? உண்மையைச் சொல். வடையைத் தின்றுவிட்டு எழுந்து போனவன்தானே நீ? பள்ளிக்கூடத்திலும் மதியத்துக்குமேல் உட்காரமாட்டாய். அப்பா உன்னைக் காலையில் கொண்டுபோய் விடுவார், மத்தியானம் நான் போய்த் தேடிப் பிடிப்பேன். நாற்பது வயதை நெருங்குகிறாய், இன்னும் பாதி வகுப்புதான். உன் பாதி வகுப்பில் என் முழு போகமும் போயிற்று.

வேனில் வருகிற வழியெல்லாம் சிரிப்பும் அழுகையுமாக வந்தேன். மண் கெட்டுவிட்டது என்று நான் எத்தனை நாள் தூங்காமல் கிடந்தேன் தெரியுமா. கெடவில்லை. பசியில் கிடந்திருக்கிறது. மறுநாளே சாணியைக் கரைத்துக் கேழ்வரகு வரிசைக்கு வரிசை ஊற்றினேன். பாவாவும் ஆட்டோவை ஓரம்கட்டிவிட்டு வந்து குடம் சுமந்தார்.

இப்போது நடப்பதையும் எழுதிவிடுகிறேன். மறைப்பது என் பழக்கமில்லை. புரட்டாசி பிறந்ததிலிருந்து மழை இல்லை. பாஞ்சாலியின் கேழ்வரகு உச்சி வெயிலில் இலையைச் சுருட்டிக்கொண்டு நிற்கிறது. வரப்புக்கு இந்தப் பக்கம் நம்முடையது சுருளவில்லை. விரலை விட்டுப் பார்த்தால் மேலே காய்ந்திருக்கிறது, கீழே குளிர்ச்சியாக இருக்கிறது. பாஞ்சாலியும் வந்து விட்டுப் பார்த்தாள். "இன்னாடி இது, மோட்டார் போட்டியா?" என்று கேட்டாள். கரண்டே இல்லாத நாள் அது. களை கொத்தப் போனால் களைவெட்டு பொத்து பொத்தென்று இறங்குகிறது. களையும் அமோகம்தான். கரி யாருக்கு நல்லது செய்கிறோம் என்று பார்த்துச் செய்வதில்லை போலிருக்கிறது.

கிணற்றடி மூலையில் மட்டும் ஒன்றும் சரியில்லை. அங்கே முன்பே உவர் பூக்கிற இடம். கரிச் சாம்பல் விழுந்து இன்னும் மோசமாகிவிட்டது. அந்த இடத்தில் போடவே கூடாது. என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அதுதான் விஷயம். கரி நல்லதா கெட்டதா என்பதில்லை என் கோபம். என்னை உள்ளூரிலேயே கட்டிக் கொடுத்தபோது என்னைக் கேட்கவில்லை. அப்பா பட்டாவை உன் பெயருக்கு மாற்றியபோதும் கேட்கவில்லை, நானும் பையன் பெயரில்தானே இருக்கும் என்று விட்டுவிட்டேன். ஆனால் அந்த மண்ணை நான் அறிவேன், அது என்னுடையது என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ அதையும் நான் ஊரில் இல்லாதபோது கறுப்பாக்கி வைத்தாய். கேட்டால் சந்தோஷப்படுத்தத்தான் என்கிறாய். என் அடுப்பங்கரையில் புகுந்து சாமானையெல்லாம் இடம் மாற்றி வைத்துவிட்டு, உனக்காகத்தான் என்று சொன்னால் எந்தப் பெண்ணுக்குச் சந்தோஷம் வரும்?

ஆகையால் கேழ்வரகு நன்றாக இருக்கிறது என்பதற்காக என் மனம் மாறிவிட்டது என்று நினைக்காதே. சின்னசாமி விஷயம் அப்படியேதான் இருக்கிறது. கையெழுத்தை அனுப்பு.

அனுசுயா

*

பட்டாபிராம்
3.11.2024

அக்கா,

ஆமாம், ரயிலைப் பிடித்துவிட்டேன். அன்றைக்கு நைட் ஷிப்ட். வடை இரண்டு தின்றேன். பாயாசம் சூடாக இருந்ததால் அதைக்கூடக் குடிக்கவில்லை. நீ எழுதியதைக் கம்பெனி கேன்டீனில் உட்கார்ந்து படித்தேன். சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவன் என்னவென்று கேட்பதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். கிணற்றடி மூலை உவர் என்று எனக்குத் தெரியாது. அந்த ஊரில்தான் பிறந்தேன், அந்தக் கிணற்றில்தான் நீச்சல் கற்றேன், தெரியாது. உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை, அதுதான் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. பாவாவிடம் கேட்டேன். ஏரிக்கரை மரம் வெட்டப் பஞ்சாயத்துப் பிரசிடெண்டிடம் கேட்டேன். வண்டிக்காரனிடம் எப்போது வருவாய் என்று கேட்டேன். உன்னிடம் மட்டும் கேட்கவில்லை. அக்காவுக்குச் செய்வதை அக்காவிடம் ஏன் கேட்க வேண்டும் என்று நினைத்திருக்கிறேன்.

இத்துடன் சம்மதக் கடிதம் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கீழ்க் கழனி மேல்மண்ணை எடுப்பது பற்றி என் அக்கா அனுசுயா எடுக்கும் முடிவே என் முடிவு என்று எழுதியிருக்கிறேன். பயந்து எழுதவில்லை, கோபித்துக்கொண்டும் எழுதவில்லை. மண் சூளைக்குப் போனால் எனக்கு வயிறு எரியும், அதை மறைக்க மாட்டேன். ஆனால் அந்த எரிச்சலுக்காக உன்னை மறுபடியும் தடுக்கமாட்டேன். நீ கொடுத்தாலும் சரி, கொடுக்காவிட்டாலும் சரி, ஏன் என்று ஒரு கேள்வி கேட்கமாட்டேன்.

மாசம் மாசம் கடிதம் போடு. திட்டியாவது போடு.

பிரேம்

*

கே.ஜி.கண்டிகை
21.1.2025

பிரேமுக்கு,

பொங்கலுக்கு நீ வருவாய் என்று பாவா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்க்கவில்லை என்று சொல்லமாட்டேன்.

கேழ்வரகு வீட்டுக்கு வந்துவிட்டது. கதிரெல்லாம் கைவிரலை மடக்கின மாதிரி நன்றாகவே பிடித்திருந்தது. கிணற்றடி மூலை மட்டும் பதர். கார்த்திகை மழையில் தண்ணீர் தேங்கும் என்று பயந்தேன், தேங்கவில்லை, உள்ளே போய்விட்டது. மண்ணைப் புரட்டினால் மண்புழு தெரிகிறது. கத்தரி வைத்த காலத்தில் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

உன் கடிதம் வந்து இத்தனை நாள் நான் பதில் போடவில்லை. அந்தக் காகிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தேன். இவ்வளவு நாளும் நீ முடியாது என்றாய், நான் கொடுத்தே தீருவேன் என்றேன், அதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. நீ என் கையில் விட்ட பிறகுதான் கஷ்டம் ஆரம்பித்தது. தினமும் காலையில் போய் வரப்பில் உட்கார்ந்து யோசித்தேன். கோபம் இல்லாமல் பார்த்தால் கழனி வேறு மாதிரி தெரிகிறது.

போன சனிக்கிழமை சின்னசாமி ஜேசிபியோடு வந்துவிட்டான். வரப்புக்கு வெளியே அதை நிறுத்திவிட்டு வந்தான்.

"இன்னா அனுசுயா, தம்பி கையெழுத்து வந்துச்சா?" என்றான்.

"ஆங், வந்துச்சு."

"அப்ப எந்த மூலையிலருந்து எடுக்கறது, சொல்லு."

"எந்த மூலையும் வாணாம். மண்ணு குடுக்கறதில்ல."

அவன் என்னையும் பார்த்தான், பாவாவையும் பார்த்தான். பாவா அவசரமாக ஆட்டோ டயரைத் தட்டிப் பார்க்கப் போய்விட்டார்.

"இன்னாம்மா இது. தம்பி ஒத்துக்கல, தம்பி ஒத்துக்கலன்னு சொல்லிகினு இருந்தே. இப்ப அவனே கையெழுத்து போட்டுட்டான், நீ வாணான்றியே" என்றான்.

"அவன் ஒத்துக்காத வரிக்கும் குடுக்கணும்னு இருந்துச்சு. இப்ப உம் முடிவுன்னு எங்கிட்ட உட்டுட்டான். நான் யோசிச்சுப் பாத்தேன். குடுக்கல" என்றேன்.

அவனுக்கு இது விளங்கவே இல்லை. "அருமையான மண்ணும்மா, செங்கல்லு உள்ளயே வெந்துடும்" என்று வருத்தப்பட்டுக்கொண்டே போனான். பாவம், டீ போட்டுக் கொடுத்து அனுப்பினேன். ஜேசிபி ஓட்டி வந்தவனுக்கும் கொடுத்தேன். அவர்கள் போன பிறகு கழனியின் நடுவில் போய் நின்று அழுதேன். ஏன் அழுதேன் என்று கேட்காதே. அந்த மண் எனக்கு அன்றைக்குத்தான் வந்தது.

கற்பூரம் அணைத்தது அணைத்ததுதான். பேசமாட்டேன். நீ வந்தால் சோறு போடுவேன். அதற்குச் சத்தியம் ஒன்றும் குறுக்கே நிற்கவில்லை.

அனுசுயா

*

பட்டாபிராம்
29.1.2025

அக்கா,

உன் கடிதத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எழுத வரவில்லை. அதனால் வேறு ஒன்று கேட்கிறேன்.

பாஞ்சாலியின் வேலி ஓரத்தில் வேலிகாத்தான் வெட்டிக் கிடப்பதாகப் பாவா சொன்னார். எரிக்க நல்ல காய்ந்த கட்டை. மாசியில் எனக்குத் தொடர்ந்து லீவு கிடைக்கும். இந்த முறை சாணியில் ஊறவைத்த பிறகுதான் மண்ணைத் தொடும், மதியத்துக்கு மேலும் உட்காருவேன். உவர் இடம் எது என்று நீ காட்டு.

மேல் கழனியிலும் கரி போடட்டுமா?

உன் பதில் வருகிற வரைக்கும் கடப்பாரையைத் தொடமாட்டேன்.

பிரேம்

*

கே.ஜி.கண்டிகை
5.2.2025

பிரேமுக்கு,

வேண்டாம்.

மேல் கழனி களிமண். தண்ணீரைத் தானே பிடித்து வைத்துக்கொள்கிறது. அதற்கு உன் கரி தேவையில்லை. பாஞ்சாலி தன் கழனிக்குக் கேட்கிறாள். அங்கே வேண்டுமானால் அவளைக் கேட்டுச் செய்.

இதைப் பாவாவிடம் படித்துக் காட்டினேன். "பாவம், ஆசையாக் கேட்டிருக்கான், சரின்னுதான் சொல்லேன்" என்றார். முடியாது என்றேன். உன் மேல் கோபம் என்று நினைக்கிறார். கோபமே இல்லை. உன் கடிதத்தை மூன்று தடவை படித்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நான் வேண்டாம் என்று சொன்னால் நீ போடமாட்டாய் என்று தெரிந்துகொண்டு வேண்டாம் என்று எழுதுவது எவ்வளவு சுகமாக இருக்கிறது தெரியுமா, பிரேம்.

அக்கா
அனுசுயா